பேணுவோர் பக்கத்துக் கணிமை

ஒரு மென்பொருளின் வாழ்நாளில் செலவாகும் உழைப்பின் பெரும்பங்கு அதை முதலில் எழுதுவதற்குச் செல்வதில்லை. அது மக்கள் கைக்குப் போனபின் தென்படும் பிழைகளைத் திருத்துவதற்கும், சட்டமும் வரிவிகிதமும் இயந்திரமும் மாறும்போது அதையும் மாற்றுவதற்கும், பிற மென்பொருள்களோடு இசைந்து ஓடச் செய்வதற்குமே செல்கிறது என்று மென்பொருள் பொறியியல் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. ஆயினும் கல்லூரியில் கற்பிக்கப்படுவது புதிதாக எழுதும் கலைதான். நேர்முகத் தேர்வில் சோதிக்கப்படுவதும் மேடையில் கைதட்டல் பெறுவதும் அதுவே. சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களில் சேரும் இளம் பொறியாளர், தமக்கு ‘டெவலப்மென்ட்’ வேலை கிடைத்தால் மகிழ்கிறார், ‘சப்போர்ட்’ வேலை கிடைத்தால் முகம் வாடுகிறார். இத்தனைக்கும் இந்திய மென்பொருள் சேவைத் துறை உலகச் சந்தையில் காலூன்றியதில் ஒரு மாபெரும் பராமரிப்புப் பணிக்குப் பெரும்பங்கு உண்டு: ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டும் குறித்துவைத்த பழைய கோபோல் நிரல்களை, 2000 பிறக்குமுன் வரிவரியாகத் தேடித் திருத்திய பணி அது. கணிமையின் போக்குகளைப் பற்றி நிரலாளர்கள் உணவு இடைவேளைகளில் உதிர்க்கும் கருத்துகளை, எழுதுவோர் பக்கத்தை விட்டுப் பேணுவோர் பக்கத்திலிருந்து நோக்கினால், அவற்றுள் சில கனம் கூடுகின்றன, சில காற்றில் பறந்துவிடுகின்றன.

அடிக்கடி கேட்கும் கருத்து, மென்பொருள் பருத்துவிட்டது என்னும் குறை. பாஸ்கல் நிரல்மொழியை 1970இல் வெளியிட்ட சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், 1995இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வன்பொருள் வேகம் பெறுவதைக் காட்டிலும் விரைவாக மென்பொருள் மந்தமாகிவருகிறது என்று கூறினார்; அக்கூற்றை அவர் மார்ட்டின் ரைசர் என்பவருக்கு உரியதாகவே காட்டியபோதும், துறையில் அது விர்த் விதி என்றே வழங்கலாயிற்று. நிலவுக்குச் சென்ற அப்போலோ கலத்தின் கணினியில், ஓடும்போது மாற்றி எழுதத்தக்க நினைவகம் 2,048 சொற்கள் மட்டுமே கொண்டிருந்தது. சொல் என்பது இங்கு 15 இருமங்களும் ஒரு சரிபார்ப்பு இருமமும் சேர்ந்த அலகு. 1985இல் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ விளையாட்டு, படமும் இசையும் உட்பட, 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது; இன்று ஒரு செய்தித்தளத்தின் முகப்பிலுள்ள ஒரே ஒரு படம் பெரும்பாலும் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இவ்வாறு ஒப்பிடுவோர் ஒன்றை எளிதில் மறந்துவிடுகின்றனர். அந்தச் சிக்கனக் காலத்துக் கணினிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளோடு நின்றுவிட்டன. ‘கொ’ என்னும் ஓர் எழுத்தைத் திரையில் காட்டுவதற்கு, மெய்யின் இடப்புறம் ஒற்றைக் கொம்பையும் வலப்புறம் காலையும் பிரித்து அமைத்து, அவற்றின் அகலத்தைக் கணக்கிட்டு, சொல்லின் நடுவே வரி முறியாமல் காக்கும் தனி நிரல் ஒன்று தேவைப்படுகிறது. பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் வசதியும், வழியிடையே எவரும் ஒட்டுக்கேட்காதபடி தகவலை மறையாக்கி அனுப்பும் ஏற்பாடும் அப்படிப்பட்டவையே. இவற்றால் வந்த பருமனைக் குறை என்பது நியாயமாகாது. ஆனால் குறுஞ்செய்தி அனுப்பும் செயலிகள் பல தம்முள் ஒரு முழு உலாவியைச் சுமந்து வருவதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. வலைப்பக்கத்துக்கென எழுதிய நிரலையே மேசைக்கணினிக்கும் பயன்படுத்திக்கொள்ள முடிவதால் நிறுவனத்துக்குச் சம்பளச் செலவு மிச்சமாகிறது. அந்த மிச்சத்துக்கான விலையை, பழைய மடிக்கணினியை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டலாம் என்று நினைத்திருந்த பயனர் கொடுக்கிறார். விர்த்தின் புலம்பலில் இந்தப் பொருளாதாரம் போதிய அளவு பேசப்படவில்லை என்றே தோன்றுகிறது.

பருமனைவிடக் கவலைக்குரியது சார்பு. இன்று எந்த நிரலாளரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த ஆயத்த நிரல் தொகுதிகளை, அதாவது நிரலகங்களை, எடுத்து அடுக்கி அவற்றின்மேல் தம் பகுதியைக் கட்டுகிறார். எடுத்த நிரலகம் வேறு பத்து நிரலகங்களைச் சார்ந்திருக்கும், அவை வேறு பலவற்றைச் சார்ந்திருக்கும். 2016 மார்ச்சில், ஒரு சொல்லின் இடப்புறம் வெற்றிடம் நிரப்புவது தவிர வேறொன்றும் செய்யாத, 11 வரியே கொண்ட ‘லெஃப்ட்-பேட்’ என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிக்கொள்ள, அதைச் சார்ந்திருப்பதையே அறியாதிருந்த எண்ணற்ற மென்பொருள்களின் கட்டமைப்புப் பணி நின்றுபோயிற்று. அந்த நிகழ்ச்சி அன்று பெரும்பாலும் நகைப்புக்குரியதாகவே பேசப்பட்டது.

2024இல் நடந்ததில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் திறமூல மென்பொருள், அதாவது மூலநிரல் எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்ட மென்பொருள், உலகின் லினக்ஸ் வழங்கிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது; அதைப் பல ஆண்டுகளாக ஏறத்தாழ ஒரே மனிதர், ஊதியமின்றி, தம் ஓய்வு நேரத்தில் பேணிவந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் 2021 முதல் சிறு திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். வேறு சில அறியாப் பெயர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, புதியவருக்கு உரிமை கொடுங்கள் என்று பழையவரை நெருக்கின. களைத்திருந்த அவர் உரிமையைப் பகிர்ந்தார். 2024 தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், உரிய திறவுகோல் வைத்திருப்பவர் பாதிக்கப்பட்ட வழங்கிகளுக்குள் புகத்தக்க ஒரு பின்கதவு பொருத்தப்பட்டிருந்தது. அதன் பெரும்பகுதி, மூலநிரலைப் படிப்போர் கண்ணில் படாதபடி, சோதனைக்கென வைக்கப்பட்ட கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது எந்தப் பாதுகாப்பு அமைப்பும் அன்று. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளர்களுள் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், வேறு ஏதோ அளவீட்டில் ஈடுபட்டிருந்தபோது, வழங்கிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, அதை அலட்சியப்படுத்தாமல் துருவிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். அந்தப் பதிப்புகள் பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன் அவை திரும்பப் பெறப்பட்டன. தப்பித்தது தற்செயல் என்று பலர் சொன்னார்கள். அது பாதிதான் உண்மை. அரை நொடியை அரை நொடியென உணரும் காது, தன் கருவியின் இயல்பான ஓட்டத்தைப் பல்லாண்டு கேட்டுப் பழகியவருக்கே வாய்க்கும். மறுபக்கம், ஒரு தனிமனிதரின் களைப்பே தாக்குதலின் நுழைவாயிலாக இருந்தது. அந்த மென்பொருளை இலவசமாக எடுத்துப் பயன்படுத்திய பெருநிறுவனங்களின் பாதுகாப்புப் பட்டியல்களில் அப்படியொரு வரி அதுவரை இல்லை.

பேணுவதையே நோக்கமாகக் கொண்டு எழுதப்பட்ட மென்பொருள்களும் உண்டு. ரிச்சர்ட் ஹிப் 2000இல் தொடங்கிய எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம், தனி வழங்கி எதுவுமின்றி ஒரே கோப்புக்குள் அட்டவணைகளை அடுக்கிவைப்பது. இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன் எதுவாயினும் ஒவ்வொரு கைப்பேசியிலும் அது இருக்கிறது. அதைச் சோதிப்பதற்காக எழுதப்பட்ட நிரல், அதன் சொந்த நிரலைவிடப் பலநூறு மடங்கு பெரிது. 2050 வரை அதைப் பேணுவதாக அதன் ஆக்கியோர் பொதுவில் வாக்களித்துள்ளனர். டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பெண், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பை என்னும் கணித மாறிலியின் அடுத்த இலக்கத்தைப் பெற்று நீள்கிறது. 2021இல் அது 3.141592653 ஆயிற்று. தம் காலத்துக்குப்பின் அதைத் தொடக்கூடாது, எஞ்சிய பிழைகளும் அதன் இயல்புகளாகவே கருதப்படட்டும் என்பது நூத்தின் விருப்பம். ஒரு மென்பொருள் ‘முடிந்துவிட்டது’ என்று சொல்லக் கூசாத இத்தகையோர் மிகச் சிலரே. ஓராண்டு திருத்தம் காணாத நிரலகத்தைக் கைவிடப்பட்டது என்று ஒதுக்கும் இன்றைய பழக்கத்தில், பிழையின்றி நிறைவுற்றதும் கேட்பாரற்றுக் கிடப்பதும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன.

நிரல் அழிந்தாலும் அது எழுதிவைத்த தரவு இருக்கும், இருக்க வேண்டும் என்பதைத் தமிழர்கள் தம் சொந்தச் செலவில் கற்றவர்கள். 1990களில் தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கெனத் தனி வரிசை வகுத்துக்கொண்டது. இதன் விளைவாக, ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய நாவல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தோன்றியது. இணையத்தில் உருவான டிஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் ஆகியன, இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் வேரூன்றிய பாமினி என்று குறியேற்றங்கள், அதாவது எழுத்துக்கு எண் வழங்கும் முறைகள், பலவாயின. உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசை வகுக்கும் ஒருங்குறியில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தபோதும், தமிழக அரசு அதைத் தன் தரமாக ஏற்றது 2010இல்தான்.

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி குறையற்றதன்று. இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைத் தழுவியதால், ‘கி’ போன்ற உயிர்மெய் ஒரே எண்ணாக அமையாமல், மெய்யுருவும் குறியுமாக இரண்டு எண்களாயிற்று. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வோர் எண்ணும் மூன்று பைட் கொள்வதால், அந்த ஓரெழுத்து ஆறு பைட் ஆகிறது. எழுத்துக்கு ஓர் எண் தரும் டேஸ்-16 முறை இதைவிடத் தமிழின் இயல்புக்கு நெருக்கமானது என்று வாதிட்டோரிடம் நியாயம் இருந்தது. எனினும் ஒருமுறை வழங்கிய எண்ணை ஒருபோதும் மாற்றுவதோ நீக்குவதோ இல்லை என்னும் ஒருங்குறியின் உறுதிமொழி, அந்த நியாயத்தைக் காட்டிலும் மதிப்பு வாய்ந்தது. நல்ல வரிசையைத் தேடி நான்குமுறை மாறிய சமூகத்துக்கு, மாறாத வரிசையின் அருமை தெரிந்தேயிருக்கும். பழைய குறியேற்றங்களில் சிக்கிய பதிப்பகக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

துறையின் பருவ மோகங்களைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. நுண்சேவை முறை, அதாவது ஒரே நிரலாக இருக்கக்கூடியதைத் தனித்தனியே இயங்கிப் பிணையத்தின் வழியே உரையாடும் பல சிறு நிரல்களாகப் பிரிக்கும் முறை, அளவிறந்த மோகத்தோடு பரவியது. அமேசானின் பிரைம் வீடியோ பிரிவு, தன் காணொளித் தரக் கண்காணிப்புக் கருவியை அம்முறையிலிருந்து மீண்டும் ஒரே நிரலாக்கியதில் செலவு 90 விழுக்காடு குறைந்ததென்று 2023இல் எழுதியது. முறை பிழையன்று, ஆயிரம் நிரலாளர் கொண்ட நிறுவனத்தின் தேவைக்கு எழுந்த தீர்வை ஐந்து பேர் கொண்ட குழு போர்த்திக்கொண்டதே பிழை.

இப்போதைய பெரும்போக்கு, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் நிரல் எழுதுவது. இதைப் பற்றிய பேச்சுகள் எழுதும் வேகத்தைச் சுற்றியே நிகழ்கின்றன. டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நௌர் 1985இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், நிரலாக்கத்தின் உண்மையான விளைபொருள் மூலநிரல் அன்று, அந்நிரல் ஏன் அவ்வாறு அமைந்தது, எதை மாற்றினால் எது குலையும் என்பது பற்றி அதை எழுதியோர் மனத்தில் உருவாகும் கோட்பாடே என்று வாதிட்டார். அக்கோட்பாட்டை ஏந்திய குழு கலைந்துபோனால், நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் அது இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. இதன்படி பார்த்தால், எவர் மனத்திலும் கோட்பாடு உருவாகாமலே பிறக்கும் நிரல், பிறக்கும்போதே அனாதை. பரவலாகப் பயன்படும் கர்ல் மென்பொருளின் ஆசிரியர் டேனியல் ஸ்டென்பர்க், இயந்திரம் எழுதிய பொய்யான பாதுகாப்புக் குறை அறிக்கைகளைப் படித்து மறுப்பதிலேயே தன்னார்வலர்களின் நேரம் கரைகிறது என்று வெளிப்படையாகவே முறையிட்டுள்ளார். எழுதும் செலவு குறைந்தபோது படிக்கும் செலவு பேணுவோர் தலையில் ஏறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எனினும் அதே கருவியை எதிர்த்திசையில் பயன்படுத்தவும் இடமுண்டு: எழுதியவர் ஓய்வுபெற்றுச் சென்றுவிட்ட கோபோல் நிரலின் முன் உட்காரும் இளைஞருக்கு, ஒரு பகுதி என்ன செய்கிறது என்று விளக்க அது உதவுகிறது. ஏன் அப்படிச் செய்கிறது என்பதை விளக்க, அந்தக் காரணம் எங்கேனும் எழுதப்பட்டிருந்தால்தான் இயலும்.

எழுதப்படாத காரணங்களைத் தேடும் அடுத்த பெரும்பணியின் நாள் ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கையாக வைத்திருக்கின்றன. அதை 32 இருமங்களில் வைத்திருக்கும் கருவிகளில் அந்த எண்ணிக்கை 2,147,483,647ஐ அடைந்தபின் மேலே செல்ல இடமின்றி எதிர்மறையாகத் திரும்பி, நாள் 1901ஆம் ஆண்டுக்குத் தாவிவிடும். இந்திய நேரப்படி அது 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அடுத்த நொடியில் நிகழும். லினக்ஸ் கருவிலும் பெரும் விநியோகங்களிலும் இதற்கான திருத்தங்கள் பெருமளவு செய்யப்பட்டுவிட்டன. எஞ்சியிருப்பவை, ஒருமுறை பொருத்தியபின் எவரும் திறந்து பார்க்காத சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளும், கோப்பின் வடிவத்திலேயே நான்கு பைட் நேரத்தைப் பதித்துவிட்ட பழைய நிரல்களும். அவற்றைத் திருத்தப்போகிறவர்களில் பலர் இப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் திறந்து பார்க்கவேண்டிய நிரல்களோ ஏற்கெனவே எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன.