பக்கத்தில் உட்கார்ந்தவள்

இருபத்தைந்து வருடம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினி அறிவியல் நடத்தியவன் நான். "எந்தப் பிள்ளைக்கு சார் இந்தப் பாடம் நல்லா வரும்?" என்று பெற்றோர் கேட்பார்கள். கணக்கில் கெட்டியாக இருந்தால் போதும் என்பது பலருடைய எண்ணம். கணக்கு உதவும், ஆனால் விசைப்பலகை எத்தனை மணி நேரம் அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி.

எங்கள் லேபில் ஒரு கணினிக்கு மூன்று பேர். நடுவில் ஒரு பையன் தட்டுவான். ஓரத்தில் ஒரு பெண் ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக்கொண்டிருப்பாள். புரோகிராம் முழுதும் அவளுக்கு மனப்பாடம். ஒரு வரியை மாற்றிக் கேட்டால் திகைத்து நிற்பாள்.

ஒருநாள் அவளை நடுவில் உட்கார வைத்தேன். பைத்தானில் 'இஃப்' வரிக்குக் கீழே இடம் விடாமல் தட்டிவிட்டாள். திரையில் சிவப்பெழுத்து வந்ததும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"சார், எதையோ கெடுத்துட்டேன்."

"ஒண்ணும் கெடலம்மா. எந்த வரியில தப்புன்னு அது உனக்குச் சொல்லுது. படி."

தமிழ்வழிப் பிள்ளை. அவள் புத்தகத்தில் மாறி, மடக்கு, செயற்கூறு என்று தமிழ்ச் சொற்கள், திரையிலோ ஆங்கிலம். எழுத்துக்கூட்டிப் படித்தாள், நான்கு இடம் விட்டாள், ஓடியது. அடுத்த வாரம் ஒற்றை எண்களுக்கான புரோகிராமைத் தானாகவே இரட்டை எண்களுக்கு மாற்றிக் காட்டினாள்.

இந்தப் பாடத்தின் மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த எழுபதில் பெரும்பங்கை மனப்பாடத்தாலேயே வாங்கிவிடலாம். அதனால்தான் லேப் பீரியட்டை வேறு பாடத்துக்குத் தூக்கிக் கொடுக்க யாருக்கும் மனம் உறுத்துவதில்லை. மனப்பாடத்தாலேயே தேறிய பிள்ளை கல்லூரி முதல் வருடத்தில் படும் பாட்டை நாம் பார்ப்பதில்லை.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கணினி. சில வீடுகளில் அது அண்ணன் படம் பார்க்கப் போய்விட்டது. இரவில் அதைத் திறந்து நாலு வரி தட்டிப் பார்த்த பிள்ளைகளை மறுநாள் அவர்கள் கேட்கும் கேள்வியிலேயே எனக்கு அடையாளம் தெரியும்.

ஆசிரியர்களே, லேபில் வாரந்தோறும் இடத்தை மாற்றி உட்கார வையுங்கள். பெற்றோர்களே, மகள் கணினி முன் உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரம் அவளைத் தண்ணீர் பிடிக்கக் கூப்பிடாதீர்கள்.