ஒரு பல் தள்ளினால் போச்சு

கோபிசெட்டிபாளையத்தில் கார் வைத்திருக்கும் பலர் ஊருக்குள் குடியிருப்பதில்லை. தடப்பள்ளி வாய்க்கால் பாயும் நெல் வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே, தோட்டத்து வீடுகளான சாளைகளில் இருக்கிறார்கள். வண்டி படுத்துவிட்டால் மண்தடத்தில் கயிறு கட்டி இழுத்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் சில மெக்கானிக்குகள் பட்டறையையே வண்டி இருக்கும் இடத்துக்கு எடுத்துப்போகிறார்கள். டி.வி.எஸ். மொபெட்டில் முன்னால் டூல்ஸ் பெட்டி, பின்னால் வேலை பழகும் பையன். அப்படி ஒருவரோடு பாரியூர்ப் பக்கம் ஒரு சாளைக்குப் போயிருந்தேன். மாருதி 800 ஒன்றுக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும்.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மெக்கானிக் அவரிடம் ஆறாம் வகுப்பு படித்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகும் அவருக்கு அந்த அம்மா ‘டீச்சருங்க’தான். நெல் காயப்போடும் களத்தில், வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் சாவியைக் கொடுக்கும்போதே கேட்டுவிட்டார்:

“நல்லாத்தான ஓடுது? ஓடறதை எதுக்குப்பா கழட்டோணும்?”

“அறுந்த பொறவு கூப்பிட்டீங்கன்னா அது பெல்ட்டு வேலையில்லீங்க டீச்சர், ஹெட்டு வேலை.”

இந்தத் தொழிலில் முதல் சிக்கல் இந்தக் கேள்விதான். பிரேக் தேய்ந்தால் கிறீச்சிடும், கிளட்ச் போனால் மேடு ஏறாது, பேட்டரி சாகும் முன் விளக்கு மங்கும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எதையும் காட்டிக்கொள்ளாது. மூடிக்குள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்து ஒருநாள் அறுந்துபோகும். கெட்டுப்போன சாமானை மாற்றக் காசு வாங்குவது சுலபம். நன்றாக இருப்பதுபோல் தெரியும் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காசு கேட்கும்போது நம்பிக்கை வேண்டும். பழைய மாணவனுக்கு அது கொஞ்சம் சலுகையாகக் கிடைத்தது என்றே நினைக்கிறேன்.

எஞ்சினுக்குள் கீழே கிராங்க் சாஃப்ட், மேலே கேம் சாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரே ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் கட்டிக்காப்பது இந்தப் பல் வைத்த ரப்பர் பட்டை. கிராங்க் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடும். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு வழிவிட்டிருக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், வண்டி ஓடுகிற வேகத்தில் பிஸ்டன் நிற்காது. அழுத்தம் அதிகமுள்ள டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடமே இருக்காது, இரண்டும் மோதும். இண்டிகா டாக்சி ஓட்டியவர்களைக் கேட்டால் வால்வு பெண்டான கதை ஒன்றாவது வைத்திருப்பார்கள். ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, வால்வு, கைடு, கேஸ்கெட் என்று செலவு நீளும்.

“மாருதியில வால்வு தப்பிச்சாலும், பொழுது சாஞ்ச நேரத்துல பண்ணாரி ரோட்டுல வண்டி நின்னுருமுங்க. அங்க யாரைக் கூப்பிடுவீங்க?” என்றார். டீச்சர் மறுபேச்சு பேசவில்லை.

மெக்கானிக் தொழில் பழகியது அம்பாசடரில். அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் உள்ளே இருந்தது இரும்புச் சங்கிலி. எண்ணெயில் நனைந்தபடி ஓடும், தளர்ந்தால் கடகடவென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதோடுதான் நம்மூர்ப் பட்டறைகளுக்கு ரப்பர் பெல்ட் பழக்கமானது. “எங்க மேஸ்திரி அதை மொதல்ல பாத்தப்ப, ரப்பரை நம்பி எஞ்சினா, ஃபேன் பெல்ட்டே வருசத்துக்கு ஒண்ணு போகுதேன்னு சிரிச்சாருங்க.” மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. அரிசி மில்லிலும் ஆயில் எஞ்சின் பம்பிலும் அவர் பார்த்த பெல்ட்டெல்லாம் வழுக்கக்கூடியவை. பல் வைத்த பெல்ட்டின் பூர்வீகம் தையல் மிஷின். மேலே ஊசியும் கீழே பாபினும் தப்பாமல் சேர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக, 1940களில் அமெரிக்காவில் சிங்கர் மிஷினுக்குச் செய்தார்கள். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி தன் 1004 காரில் அதை வைத்தது. திருப்பூருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஊசிக்கும் பாபினுக்கும் உள்ள கணக்கை விளக்கத் தேவையில்லை.

பையன் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து, பேட்டரி ஒயரைக் கழற்றினான். டைனமோ பெல்ட், வாட்டர் பம்ப் புல்லி, கிராங்க் புல்லி ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பத்தாம் நம்பர் ஸ்பானரில் கழன்ற போல்ட்டுகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில், கழற்றிய வரிசைப்படி போட்டான். மூடியைத் திறந்ததும் உள்ளே புழுதியும் உமித்தூளும். மேல்பக்கம் எண்ணெய் கசிந்த கறை இருந்தது. மெக்கானிக் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். கேம் ஆயில் சீல் போயிருக்கிறது. பெல்ட்டைப் பழையதே என்று விட்டாலும் இந்த எண்ணெயே ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்றார். சீலும் வாங்கிவரப் பையன் மொபெட்டில் கச்சேரிமேட்டுப் பக்கம் போனான்.

அவன் வருவதற்குள் எஞ்சினை, முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் ‘டாப்’புக்குக் கொண்டுவந்தார். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்பானரைப் போட்டுக் கிராங்கை மெதுவாகத் திருப்பினார். காற்று விரலைத் தள்ளும் இடம் வந்ததும் நிறுத்தினார். மாருதியில் இதற்கு அவசியமில்லை. கேம் புல்லியிலும் கிராங்க் புல்லியிலும் புள்ளி குத்தியிருக்கிறது, இரண்டும் எதிரே உள்ள மார்க்கோடு சேர்ந்தால் போதும். ஆனால் அம்பாசடர் காலத்துக் கை விரலைக் கேட்காமல் மார்க்கை நம்புவதில்லை. சேர்ந்த இடங்களில் ஒயிட்னரால் கோடு போட்டார். என் கண்ணுக்குத் தெரியவில்லை என்றதும் டார்ச் அடித்து இன்னொரு தடவை காட்டினார்.

கழற்றுவதையும் மாட்டுவதையும் யாரும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, அதை உருவிய நிமிடத்திலிருந்து புதியது ஏறும்வரை இரண்டு சாஃப்டும் அசையாமல் இருக்க வேண்டும். கஷ்டம் அங்கேதான். வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் கேம் தானாக நழுவப் பார்க்கும். திரும்பி வந்த பையன் கேம் போல்ட்டில் ரிங் ஸ்பானர் போட்டுப் பிடித்துக்கொண்டான். “மூச்சுக்கூட மெல்ல விடு கண்ணு.” பாதி கேலி, பாதி நிஜம். ஒரு பல் தள்ளி ஏறிவிட்டால் கிராங்க் கணக்கில் 15 டிகிரிக்கு மேல் தப்பு. அப்போதும் வண்டி ஸ்டார்ட் ஆகக்கூடும் என்பதுதான் வம்பு. ஐடிலிங் நடுங்கும், இழுவை இருக்காது, பெட்ரோல் அதிகம் குடிக்கும். வேறொருவர் கார்புரேட்டரைக் கழற்றி, பிளக் மாற்றி, காயில் மாற்றிக் காசு வாங்கிக்கொண்டிருப்பார்.

புது பெல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த பையன் அதை ஆணியில் மாட்டப் போனான். அன்று அவன் வாங்கிய ஒரே திட்டு அதற்குத்தான். உள்ளே கண்ணாடி இழை ஓடுகிறது. மடித்தாலோ முறுக்கினாலோ இழை ஒடியும், வெளியில் ஒன்றும் தெரியாது. பழைய பெல்ட்டைப் பின்பக்கமாக வளைத்துக் காட்டினார். நேராக இருந்தபோது வழவழவென்று இருந்த ரப்பரில், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய வெடிப்புகள் விரிந்தன. டீச்சர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புது சீலை அடித்து, புது பெல்ட்டும் ஏறிய பிறகு மெக்கானிக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினார். மார்க்குகள் பழைய இடத்துக்கே வந்தன. அதற்கப்புறம்தான் டென்ஷனர் போல்ட்டை இறுக்கினார். செல்ஃப் அடிக்கும் முன் மறுபடி இரண்டு சுற்று. எனக்கு அது அதிகம் என்று பட்டது. “செல்ஃப் அடிச்சுத் தெரிஞ்சுக்கறதை விட கையில தெரிஞ்சுக்கறது நல்லதுங்க,” என்றார். சாவி போட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் வண்டியைப் பிரித்துப் பார்ப்பது கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு தொழில் கற்கத் தொடங்கியதே ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பூட்டித்தான். ஆனால் இந்தப் பையன் கற்றுக்கொண்டிருக்கும் வேலை எத்தனை நாளைக்கு? மாருதியின் கே சீரிஸ் எஞ்சினிலும் ஹூண்டாயின் கப்பா எஞ்சினிலும் மறுபடி சங்கிலியே வந்துவிட்டது, மின்சாரக் காரில் இரண்டுமே இல்லை. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. 15 ஆண்டு கடந்த காரின் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனாலும் டி.என். 36 என்று தொடங்கும் பழைய 800கள் மொடச்சூர் சந்தைக்கு வாழைத்தாரும் ஆட்டுக்குட்டியும் ஏற்றி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கூலி என்று மெக்கானிக் சொன்ன தொகையை டீச்சர் அப்படியே கொடுத்தார். எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லையாம். ரப்பர் பட்டை விலைக்கு மேல் கூலியா என்று கேட்பவர்களே அதிகம். அவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன்: கூலி பட்டைக்கு இல்லை, அந்த நான்கு சுற்றுக்கு.

பழைய கார் கைமாறி வாங்கியிருப்பவர்கள், உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா சங்கிலியா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், கடைசியாக எப்போது மாற்றியது என்று விற்றவரைக் கேளுங்கள். பெரும்பாலான பெல்ட்டுகளுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரைதான் ஆயுசு, ஓடாமல் நிறுத்தி வைத்தாலும் வயதாகும். விற்றவருக்கும் தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். டென்ஷனரையும் ஆயில் சீலையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானெட்டுக்கு உள்பக்கம் ஒட்டி வையுங்கள், அடுத்து வாங்குபவருக்கு உதவும்.