ஏற்றும் முன் எண்ணிப் பார்ப்போம்



சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளி நூலகத்திற்கு அன்பளிப்பாகக் கிடைத்த புத்தகங்களை எடுத்துவரச் சென்றிருந்தோம். மாணவர் ஒருவரின் தந்தை தமது பிக்கப் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். மொத்தம் 40 பெட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 கிலோ. “இரண்டு நடையாகக் கொண்டுபோகலாம், ஐயா” என்றார் அவர். “இவ்வளவு பெரிய வண்டிக்கு இதெல்லாம் ஒரு சுமையா?” என்று கூறி, அத்தனையையும் ஒரே நடையில் ஏற்றச் செய்தவன் நான். முன்னிருக்கையில் நாங்கள் இருவர். பின்னிருக்கையில் உதவிக்கு வந்த மாணவர்கள் மூவர்.

இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தும் வண்டி உடனே நிற்கவில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டிச் சாலைச் சந்திப்பின் நடுவே சென்று நின்றது. அந்நேரம் குறுக்கே வாகனம் ஏதும் வராதது எங்கள் நற்பேறு. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பெரிய வண்டி எதையும் தாங்கும் என்ற என் எண்ணம் எங்கே பிழைத்தது என்று பின்னர் தேடிப் படித்தேன். பிக்கப் வண்டிகள் மிகுந்த அமெரிக்காவில் அவற்றை இலகுரகம், கனரகம் எனப் பிரிக்கின்றனர். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 8,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 3,855 கிலோ வரை அனுமதிக்கப்பட்டவை இலகுரகம். அதற்கு மேல் 14,000 பவுண்டு வரை செல்பவை கனரகம். ஃபோர்டு எஃப்-150 முதல் வகை. எஃப்-250 இரண்டாம் வகை. தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள் போலவே தோன்றும்.

வேறுபாடு அடியில் இருக்கிறது. இலகுரக வண்டியில், பின்சக்கரத்தைச் சுழற்றும் அச்சுத்தண்டே பெரும்பாலும் எடையையும் தாங்குகிறது. கனரக வண்டியிலோ எடையை அச்சின் வெளிக்கூடு தாங்கிக்கொள்கிறது. தண்டு சுழற்றும் வேலையை மட்டும் செய்கிறது. சட்டம், வில்தகடுகள், பிரேக் யாவும் அதற்கேற்ப வலுவானவை. ஆயினும், சுமையின்றி ஓடும்போது கனரக வண்டி கடினமாகக் குலுங்கும்; எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். ஆகவே, பெரியதே சிறந்தது என்பதில்லை. பணிக்கேற்ற வண்டியே சிறந்தது. நம் நாட்டில் ஓடும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை இவ்விரண்டையும்விடச் சிறியவை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

இதனை வகுப்பில் கணிதப் பாடமாக்கினேன். நம் லோரிகளின் பக்கவாட்டில் பி.டி.எம்., பி.தி.எம். என்று இரண்டு எடைகள் எழுதப்பட்டிருப்பதை மாணவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். முன்னது சுமையோடு கூடிய எடை. பின்னது சுமையில்லாத எடை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் ஏற்றத்தக்க அளவு கிடைக்கும். பிக்கப் வண்டிக்கு இவ்விவரம் கையேட்டில் இருக்கும். கரும்பலகையில் 2,800, 1,900 என்று எழுதினேன். “900 கிலோ” என்றனர் மாணவர்கள். “800 கிலோ புத்தகம் ஏற்றலாமா?” என்று கேட்டேன். “ஏற்றலாம்!” என்று வகுப்பே முழங்கியது.

கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் கையை உயர்த்தினாள்.

“ஐயா, வண்டியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?”

அன்று மாலை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.