வலது கால், இன்னும் கொஞ்சம் கீழே

ரவாங்கில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் உண்டு. மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள் அந்த மரத்தில் ஏறிவிட்டாள். ஏறத் தெரிந்தவளுக்கு இறங்கத் தெரியவில்லை. கிளையைக் கட்டிக்கொண்டு அழுதவளை அப்பாதான் இறக்கினார். அவர் ஏணியைக் கொண்டு வரவில்லை. மேலே ஏறியும் வரவில்லை. மரத்தடியில் நின்றபடி, "கீழே பார்க்காதே. வலது காலை எடு. இன்னும் கொஞ்சம் கீழே. அங்கே ஒரு கிளை இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று ஒவ்வோர் அடியாகச் சொல்லிக்கொடுத்தார். அவள் கால் தரையைத் தொட்டதும், "பார்த்தாயா? பயப்பட ஒன்றுமே இல்லை" என்று சிரித்தார்.

'பயப்படாதே' என்பது அப்பாவின் வாயில் அடிக்கடி வரும் சொல். பல் பிடுங்கப் போனபோதும், பேச்சுப் போட்டி மேடையில் ஏறியபோதும் அதைத்தான் சொன்னார். 'முன்வைத்த காலைப் பின்வைக்காதே' என்பது அவருடைய இன்னொரு வாக்கியம். அப்பாவுக்கும் பயம் என்று ஒன்று இருக்கும் என மகள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அப்பாவுக்கு நெடுநாள் ஆசை ஒன்று இருந்தது. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தனர். அந்த உச்சியில் கால்பதித்த முதல் மலேசியர்கள் அவர்களே. அப்போது அப்பா ஒரு டயர் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்த இளைஞர். அந்தச் செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தை வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்றுவரை வைத்திருக்கிறார். "எவரெஸ்ட் நமக்கு எட்டாது. ஆனால், பனி மூடிய ஒரு சின்ன மலையிலாவது ஒருநாள் ஏறிப் பார்த்துவிட வேண்டும்" என்பார்.

அந்த நாளும் வந்தது. மகளின் அண்ணன் இங்கிலாந்தில் லங்காஸ்டர் நகரில் படித்துக்கொண்டிருந்தான். மகள் நான்காம் படிவம் முடித்த ஆண்டு, டிசம்பர் விடுமுறையில் குடும்பமே அவனைப் பார்க்கப் புறப்பட்டது. லங்காஸ்டருக்கு வடக்கே மலைகளும் ஏரிகளும் நிறைந்த 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்னும் பகுதி இருக்கிறது. அங்குள்ள ஹெல்வெலின் என்ற மலையை அண்ணன் தேர்ந்தெடுத்தான். அது இங்கிலாந்தின் மூன்றாவது உயரமான மலை. உயரம் 950 மீட்டர்.

அதைக் கேட்டதும் அப்பா சிரித்துவிட்டார். "நம் ஜொகூரில் இருக்கும் லேடாங் மலையே 1,276 மீட்டர். இதெல்லாம் ஒரு மலையா?"

"உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அப்பா" என்றான் அண்ணன். "நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. அதனால்தான் 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலுவிலும் பனி மூடிக் கிடப்பதில்லை. இந்த ஊர் வடக்கே வெகுதொலைவில் இருக்கிறது. குளிர்காலத்தில் இந்தச் சின்ன மலையிலும் பாறைகள் பனிக்கட்டியால் மூடிவிடும். வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது."

பயணத்துக்கு முந்திய மூன்று மாதங்களில், ஞாயிறு காலைதோறும் அப்பாவும் மகளும் பத்துமலையின் 272 படிகளையும் முதுகுப்பையுடன் ஏறி இறங்கினார்கள். பையில் இரண்டு பெரிய தண்ணீர்ப் புட்டிகள் இருக்கும். கால்கள் உறுதியாயின. ஆனால், மலைக்குப் போவதற்கு முந்தின இரவு அண்ணனின் கணினியில் அந்த மலையின் படங்களைப் பார்த்தபோது மகளுக்கு வயிற்றைப் பிசைந்தது. உச்சிக்குச் செல்லும் வழியில் 'ஸ்ட்ரைடிங் எட்ஜ்' என்ற மலைமுகடு ஒன்று இருந்தது. கத்தி முனையைப் போல மெலிந்த பாறை வரிசை அது. இரண்டு பக்கமும் சரிவு. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பொழுது விடியும் முன்பே அண்ணன் அவர்களை அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் உள்ள கிளென்ரிடிங் என்னும் சிற்றூரில் இறக்கிவிட்டான். வழிகாட்டியாக வந்தவர் நடுத்தர வயதுப் பெண். குளிர்காலத்தில் நாள்தோறும் ஒருவர் ஹெல்வெலின் மலைமீது ஏறி, பனியின் நிலையையும் காற்றின் வேகத்தையும் அறிவிப்பார் என்றும், அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பதாகவும் அவர் சொன்னார். உச்சியில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே நான்கு பாகை செல்சியஸ். மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

பிறகு அவர் கேட்டார்: "உங்களில் யாருக்காவது உயரமென்றால் பயமா?"

அப்பா இல்லை என்று தலையசைத்தார். மகளும் அப்படியே தலையசைத்தாள்.

இரண்டு மணி நேர ஏற்றத்திற்குப் பிறகு ஒரு கற்சுவரை அடைந்தார்கள். அதற்குமேல் எங்கும் வெண்மைதான். வழிகாட்டி இருவருடைய காலணிகளின் அடியிலும் எஃகு முட்களைப் பொருத்தினார். "கால்களைச் சற்று அகட்டி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு காலின் முட்கள் மறு காலின் காற்சட்டையில் மாட்டிக்கொள்ளும்" என்றார். பனிக்கோடரியைக் கொடுத்து, சறுக்கினால் அதன் கூர்முனையைப் பனியில் ஊன்றி நிற்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, இருவரையும் இரண்டு மூன்று முறை பழகவும் வைத்தார்.

முகடு தொடங்கியது. இடப்பக்கம் ஆழமான பள்ளத்தாக்கு. வலப்பக்கம் வெகு கீழே ரெட் டார்ன் என்னும் சிறிய ஏரி, ஓரமெல்லாம் உறைந்து கிடந்தது. பாறைகளைப் பிடித்துத்தான் நகர முடியும் என்பதால் கோடரிகள் முதுகுப்பைக்குப் போயின. மூவரையும் ஒரே கயிறு இணைத்தது.

"இரண்டு கை, இரண்டு கால். இந்த நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்துங்கள்" என்றார் வழிகாட்டி.

மகள் அதையே மனத்திற்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்தாள். எஃகு முட்கள் பாறையில் உரசிக் கிறீச்சிட்டன. காற்று பனித்தூளை வாரி முகத்தில் அடித்தது. வழக்கமாகக் கதை பேசிக்கொண்டே நடக்கும் அப்பா, அரை மணி நேரமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. குளிரினால் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

முகட்டின் முடிவில் பாறை சட்டென்று அறுந்து நின்றது. இரண்டு ஆள் உயரமுள்ள ஒரு பிளவின் வழியாகக் கீழே இறங்கினால்தான் மலையின் கடைசி ஏற்றத்தை அடைய முடியும். பாறையைப் பார்த்தபடி திரும்பி நின்று, காலைப் பின்னால் விட்டுத் துழாவித் துழாவி இறங்க வேண்டும்.

அப்பா விளிம்பருகே அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையுறை அணிந்த இரண்டு கைகளும் ஒரு பாறையை இறுகப் பற்றியிருந்தன.

"என்னால் முடியாது போலிருக்கிறது, அம்மா" என்றார். சிறிது நேரம் கழித்து, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்றார்.

அந்தச் சொற்களை அவர் சொல்லி மகள் கேட்டது அதுவே முதல் தடவை. அவள் அதை ஆங்கிலத்தில் வழிகாட்டியிடம் சொன்னாள். வழிகாட்டி முகம் சுளிக்கவில்லை, வியப்படையவும் இல்லை. "சொன்னது நல்லது. இங்கிருந்து வந்த வழியே திரும்பலாம். இறங்கி மேலே போகவும் செய்யலாம். நேரம் இருக்கிறது. எதுவானாலும் எனக்குச் சம்மதம்" என்றார்.

மகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயம்தான், அப்பா. நேற்று இரவிலிருந்தே."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால், பயப்படாதே என்பீர்கள். அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல முடியும்?"

அப்பா பதில் சொல்லவில்லை. தொலைவில் மேகத்துக்குள் மறைந்திருந்த உச்சியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நீ முதலில் இறங்குவாயா? கீழே நின்று எனக்குக் கால் வைக்கும் இடத்தைச் சொல். எனக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை."

வழிகாட்டி மேலே தம்மை நிலைப்படுத்திக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். மகள் பாறையை நோக்கித் திரும்பி, காலைப் பின்னால் இறக்கினாள். முதல் பிடி கிடைக்கும்வரை நெஞ்சு படபடத்தது. மூன்று பாறையில், ஒன்று நகரட்டும். ஐந்தாறு அசைவுகளில் அடியில் இருந்த பனிமேட்டில் கால் ஊன்றினாள். நிமிர்ந்து பார்த்தபோது அப்பாவின் காலணிகள் விளிம்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன.

"கீழே பார்க்காதீர்கள், அப்பா. வலது காலை எடுங்கள். இன்னும் கொஞ்சம் கீழே. அங்கே ஒரு படி இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

அந்தச் சொற்களை அவள் யோசித்துத் தேடவில்லை. அவை தாமாகவே வந்தன. மேலே ஒரு கணம் அசைவில்லை. அப்புறம் வலது கால் மெல்ல இறங்கி, பாறையைத் துழாவி, அவள் சொன்ன இடத்தில் அமர்ந்தது.

அதன்பின் வந்தது செங்குத்தான பனிச்சரிவு. வழிகாட்டி முன்னே சென்று காலால் உதைத்து உதைத்துப் படிகள் அமைத்தார். அந்தப் படிகளிலேயே கால் வைத்து இருவரும் ஏறினார்கள். மேலே ஒரு நினைவுக்கல் பாதி பனியில் புதைந்து நின்றது. 1805ஆம் ஆண்டு இந்த மலையில் சார்லஸ் காஃப் என்ற இளைஞர் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து அவருடைய உடலைக் கண்டெடுத்தபோது, அவருடைய நாய் உயிரோடு அருகிலேயே இருந்தது. கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அதைப் பாடியிருக்கிறார்கள். வழிகாட்டி சொன்னதை மகள் தமிழில் சொல்ல, அப்பா அந்தக் கல்லின்மேல் இருந்த பனியைக் கையால் துடைத்துவிட்டார்.

உச்சியில் எதையும் பார்க்க முடியவில்லை. நான்கு பக்கமும் மேகம். குறுக்கு வடிவில் கட்டப்பட்ட கற்சுவர் மறைவில் உட்கார்ந்து, குடுவையில் இருந்த மைலோவைக் குடித்தார்கள். 1926ஆம் ஆண்டு டிசம்பரில் இதே உச்சியில் இருவர் ஒரு சிறிய விமானத்தை இறக்கி, மீண்டும் பறந்து சென்றதாக வழிகாட்டி சொன்னார்.

"இன்றைக்கும் ஒன்று வருமா என்று கேள். ஏறிக்கொள்கிறேன்" என்றார் அப்பா. மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

முகட்டின் வழியே அவர்கள் திரும்பவில்லை. வடக்குப் பக்கமாகச் சுற்றிச் செல்லும் அகலமான பாதையில், இருட்டும் முன் கிளென்ரிடிங் வந்து சேர்ந்தார்கள்.

அன்றிரவு அண்ணனின் அறையில் அம்மா சுடச்சுட ரசம் ஊற்றிக்கொண்டே, "அங்கே பயமாக இருந்ததா?" என்று மகளைக் கேட்டார். மகள் வாய் திறக்கும் முன் அப்பா பதில் சொன்னார்.

"எனக்கு இருந்தது. நிறையவே. இவள்தான் என்னை இறக்கிவிட்டாள்."

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

ஊர் திரும்பிச் சில மாதங்கள் ஆயின. பள்ளியில் வாய்மொழித் தேர்வு நெருங்கியது. தேர்வுக்கு முந்தின இரவு மகள் குறிப்புத் தாள்களுடன் சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். பட்டறையிலிருந்து வந்த அப்பா சிறிது நேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான அந்தச் சொல் அவர் உதட்டுவரை வந்திருக்க வேண்டும். ஆனால், அவர் அதைச் சொல்லவில்லை. மேசையருகே உட்கார்ந்து, "எந்த இடத்தில் பயமாக இருக்கிறது?" என்று கேட்டார்.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே அமர்ந்து சொல்லத் தொடங்கினாள்.