ஏ.கே. என்ன விலை பாஸ்?

உங்களுக்கு ஒரு குவிஸ். தாடி வெச்ச தீவிரவாதியில ஆரம்பிச்சு நம்ம சினிமா வில்லனோட அடியாள் வரைக்கும் எல்லார் கையிலயும் இருக்கற அந்த ஏ.கே. ரகத் துப்பாக்கி, அமெரிக்கக் கடையில என்ன விலை? 'ஏழைகளின் ஆயுதம்'னு பேர் வாங்கினதாச்சே, நம்ம செல்போனை விட சீப்பா இருக்கும்னுதானே சொல்வீங்க? என் ரூம்மேட்டும் அதையேதான் சொன்னான்.

2012 டிசம்பர் கடைசி. டெக்சாஸ்ல எம்.எஸ். படிச்சிட்டிருந்தேன். 'கன் ஷோ' நடக்குதுன்னு இழுத்துட்டுப் போனான் அவன். நம்மூர் பொருட்காட்சி மாதிரியேதான். அப்பளக் கடை இருக்கற இடத்துல துப்பாக்கிக் கடை, அவ்வளவுதான் வித்தியாசம். வாங்கறதுக்காகப் போகலைங்க. ஸ்டூடண்ட் விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வாங்க அங்கே பொதுவா அனுமதி கிடையாது. (வேட்டை லைசென்ஸ் எடுத்தா விலக்கு உண்டாம். என்ன லாஜிக்கோ!)

அவன் நேரா போய் நின்னது ஏ.கே. மேஜை முன்னாடி. இது ராணுவத்துது மாதிரி சடசடன்னு பொழியாது. செமி ஆட்டோமேடிக். விசையை ஒரு தடவை இழுத்தா ஒரு குண்டுதான், ஆனா அடுத்ததை அதுவே ஏத்திக்கும். என்.சி.சி. கேம்ப்ல எஸ்.எல்.ஆர். பிடிச்சவங்களுக்கு டக்குனு புரியும். விலைச் சீட்டு ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. "டேய், லேப்டாப் வாங்கலாம்டா!"ன்னான்.

அது ஏன் அந்த விலைன்னு அப்புறம் உட்கார்ந்து தேடிப் படிச்சேன். கதை ஒரு ஸ்கூல்ல ஆரம்பிக்குது.

1989 ஜனவரி, கலிஃபோர்னியாவுல ஸ்டாக்டன் நகரம். ஆரம்பப் பள்ளி மைதானத்துல விளையாடிட்டிருந்த பிள்ளைங்க மேல ஒருத்தன் சுட்டான். 5 குழந்தைகள் செத்துப் போச்சு. எல்லாம் கம்போடியா, வியட்நாம்ல இருந்து உயிர் பிழைச்சு ஓடி வந்த குடும்பத்துப் பிள்ளைங்க. அவன் கையில இருந்தது சீனாவுல செஞ்ச செமி ஆட்டோமேடிக் ஏ.கே. ரகம். அந்த வருஷமே அப்பா புஷ் அரசாங்கம் இந்த மாதிரித் துப்பாக்கிகளோட இறக்குமதியை நிறுத்துச்சு. 1994-ல கிளின்டன், சீனத் துப்பாக்கிகளுக்கே கதவைச் சாத்தினார். அதுக்கு முன்னாடி ஏ.கே.வோட ஒண்ணு விட்ட அண்ணன் மாதிரியான சீன எஸ்.கே.எஸ். ரைஃபிள் 100 டாலருக்குள்ளயே கிடைச்சுது. கப்பல் நின்னுச்சு, ஆசை நிக்கலை. இன்னிக்கு அதே பழைய எஸ்.கே.எஸ். பல நூறு டாலர்.

இன்னொரு கூத்து கேளுங்க. 1990-ல வந்த சட்டத்தோட விதிப்படி, இந்த ரகத் துப்பாக்கியை அமெரிக்காவுல அசெம்பிள் பண்ணினா, பட்டியல்ல இருக்கற 20 வகைப் பாகங்கள்ல 10-க்கு மேல வெளிநாட்டுது இருக்கக் கூடாது. அதனால ருமேனியாவுல இருந்து வர்றதைப் பிரிச்சு, உள்ளூர்ப் பாகம் மாட்டி, திரும்பப் பூட்டணும். 2005-ல பழைய ராணுவத் துப்பாக்கிகளோட குழலைக் கொண்டு வரவும் தடை. கூலி யார் தலையில? வாங்கறவன் தலையிலதான்.

மெக்கானிக்கல் மக்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஏ.கே. சீப்பா இருந்ததுக்குக் காரணம் அதோட டிசைன் மட்டுமில்ல. சர்க்கார் ஃபேக்டரியில ராட்சச பிரஸ் வெச்சு, லட்சக்கணக்குல தகடு அடிச்சுத் தள்ளினாங்க. டெக்சாஸ்ல நாலு பேர் வேலை பார்க்கற பட்டறையில ஒவ்வொண்ணா ரிவிட் அடிச்சா அந்த விலை எப்படி வரும்? அமெரிக்காவோட சொந்த ஏ.ஆர்.15 கதையே வேற. பேட்டன்ட் எப்பவோ முடிஞ்சாச்சு, சி.என்.சி. மெஷின் இருக்கறவங்க எல்லாம் பாகம் செய்யறாங்க. போட்டியோ போட்டி. ஊர் அமைதியா இருக்கறப்ப 500, 600 டாலருக்கே கிடைக்கும். பணக்கார நாட்டுத் துப்பாக்கி சீப், ஏழைத் துப்பாக்கி காஸ்ட்லி!

'அமைதியா இருக்கறப்ப'ன்னு சொன்னேன் பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. நாங்க போன அந்த வாரம் அமைதியான வாரம் இல்லை. டிசம்பர் 14-ம் தேதி, நியூடவுன் ஊர்ப் பள்ளியில 20 குழந்தைகள், 6 பெரியவங்க சுட்டுக் கொல்லப்பட்டு ரெண்டு வாரம்கூட ஆகலை. சுட்டது புஷ்மாஸ்டர்ங்கற ஏ.ஆர். ரகத் துப்பாக்கியால. தடை வந்துடும்னு ஊரெல்லாம் பேச்சு. வந்தா கிடைக்காதேன்னு வாசல்ல க்யூ. ரேஷன் கடையில மண்ணெண்ணெய்க்கு நிப்போமே, அந்த அவசரம். கையில குழந்தையோட நின்னவங்களையும் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு மாதிரி இருந்தது. விலைச் சீட்டுல பாதி அந்த பயத்தோட விலை.

தேசிய அளவுல தடை வரவே இல்லை. ஒபாமாதான் துப்பாக்கிக் கம்பெனிகளோட பெஸ்ட் சேல்ஸ்மேன்னு அங்கே ஒரு ஜோக்கே உண்டு. 2016-ல ட்ரம்ப் ஜெயிச்சதும் பயம் போச்சு, வியாபாரமும் படுத்துச்சு. புஷ்மாஸ்டரைக் கையில வெச்சிருந்த ரெமிங்டன் கம்பெனி 2018-ல திவால் மனு போட்டுது. 2022-ல, நியூடவுன்ல பலியான 9 பேரோட குடும்பங்களுக்கு அந்தக் கம்பெனியோட இன்ஷூரன்ஸ்காரங்க 7 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க சம்மதிச்சாங்க.