ஒரு சிட்டிகை உப்பு, ஓடிப்போன பயம்!

கருணாபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 2024 ஜூன் மாதச் சாராயச் சாவுகள்தான் ஞாபகம் வரும். கள்ளக்குறிச்சி நகருக்குள் இருக்கும் அந்தப் பகுதியில், ஒரு வீட்டு மாமியாருக்கு அதற்குப் பிறகு குடிக்கிற தண்ணீர்மேலும் சந்தேகம். "நம்ம போர் தண்ணி உப்பு. கிட்னியில கல்லு வந்துரும்" என்பார். குழாய் முனையில் வெள்ளைப் படிவம், நுரைக்காத சோப்பு, வேகாத துவரம்பருப்பு என்று சாட்சிகளும் வைத்திருந்தார்.

அந்த வீட்டுக்குத்தான் ஆர்.ஓ. மெஷின் விற்பவர் வந்தார். ஒரு டம்ளரில் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த சுத்தமான தண்ணீர். கம்பிகள் நீட்டிய கருவியை இரண்டிலும் வைத்து பிளக்கைச் சொருகினார். கொஞ்ச நேரத்தில் போர் தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பானது.

"இதையாம்மா குடிக்கிறீங்க?"

மாமியார் உடனே மாதத் தவணையை விசாரித்தார். கூலி வேலைக்குப் போகும் மருமகளுக்கு வயிற்றைக் கலக்கியது.

பிளஸ் டூ படிக்கும் பேத்தி, "ஆயா, இரு" என்று அந்தச் சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாள். "இப்போ வைங்கண்ணா." அதுவும் பழுப்பானது!

கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. தாதுக்கள் உள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், இரும்பு கரைந்து துருவாகும். ஆர்.ஓ. தண்ணீரில் தாது குறைவு, அதனால் தெளிவாக நிற்கும். டம்ளரில் தெரிந்தது தண்ணீரின் அழுக்கு அல்ல, கம்பியின் துரு. விற்பவர் பையைக் கட்டினார்.

பிறகு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். நடுத்தரக் கடினம்தான். லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. ஊர் வாயில் 'உப்பு' என்றாலும், கடினத்துக்குக் காரணம் கால்சியமும் மெக்னீசியமும். உலக சுகாதார நிறுவனம் இதற்கு உடல்நல வரம்பு எதுவும் வைக்கவில்லை. கிருமி வேறு விஷயம், அதற்குக் கொதிக்கவைக்கத்தான் வேண்டும்.

கொதிக்கவைத்தால் கடினத்தில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். இப்போது மேலே தெளிந்த தண்ணீரில்தான் பருப்பு வேகிறது. துணிக்கு பார் சோப்புக்குப் பதில் சலவைத் தூள். குழாய்க்கு ராத்திரி வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி, காலையில் தேய்க்கிறார்கள்.

பருப்பு வேகாததற்குப் பழைய சரக்கும் ஒரு காரணம் என்கிறாள் மருமகள். மாமியார் ஒப்புக்கொள்வதில்லை. கடை அவர் தம்பியுடையது.