சிறுவாட்டுக் காசு

2022 மார்ச்சில் சேலத்துல ஒரு இளைஞர் பைக் வாங்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பஜாஜ் டோமினார் 400, விலை 2 லட்சத்து 60 ஆயிரம். அத்தனையும் ஒரு ரூபாய் நாணயமாவே கொண்டுபோய்க் கொட்டினார். மூணு வருஷச் சேமிப்பு. அவரும் நண்பர்களும் கடை ஆளுங்களும் உட்கார்ந்து எண்ணி முடிக்க 10 மணி நேரம் ஆச்சாம்.

எனக்கு மூட்டைக் கணக்குதான் சட்டுனு வரும். 2011ல வந்த ஒரு ரூபாய் 3.79 கிராம். அப்படி 2,60,000 காசுன்னா 985 கிலோ. 75 கிலோ நெல் மூட்டையில பதிமூணு மூட்டை! வண்டியே 193 கிலோதான். ஆயிரம் ரூபாய்க்கு மேல நாணயமாத் தந்தா வாங்கியே ஆகணும்னு சட்டத்துல கட்டாயம் இல்லை. கடைக்காரர் மனசு வெச்சு வாங்கியிருக்கார்.

ஆனா அவர் சேர்த்தது செலவு போக மிஞ்சின சில்லறை இல்லை. நோட்டைக் கோயில், ஹோட்டல், டீக்கடைன்னு கொடுத்து ஒரு ரூபாயா மாத்தினது. எங்க ஊர்ப் பொம்பளைங்க செய்யறது நேர் தலைகீழ். சில்லறையை நோட்டாக்கி, நோட்டை நகையாக்குவாங்க. அதுக்குப் பேர் சிறுவாடு. முட்டை, மோர், கொல்லை முருங்கைக்கீரை வித்த காசு. அரிசிப்பானை, பருப்பு டப்பா, மடிச்ச சேலைக்கு நடுவுலன்னு ஆம்பளை கை போகாத இடமாப் பார்த்து இருக்கும்.

என் சம்சாரம் நாலு வருஷம் அப்படிச் சேர்த்து ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கினா. அந்த வருஷம் மழை பொய்ச்சு, உரத்துக்கு நான் கடன் கேட்டு அலைஞ்சிட்டிருந்தேன். பருப்பு டப்பாவைப் பத்தி அவ வாயே திறக்கலை. சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரியும். எங்க அம்மா முணுமுணுத்தாங்க. எனக்குக் கோபம் வரலை. பட்டா என் பேர்ல, பாஸ்புக் என் பேர்ல. "யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத காசு இது ஒண்ணுதான்"னா அவ.

இப்ப அதுவும் சுருங்கிப்போச்சு. பால் பணம் நேரா பேங்குல என் கணக்குக்குப் போயிடுது. கீரை வாங்கறவங்க பையனோட போனுக்கு அனுப்பிடறாங்க. போன மாசம் கோட்டூர்புரத்துல மக வீட்டுக்குப் போயிருந்தோம். அங்க இளநீர் வண்டியிலகூட ஸ்கேன் பண்ற அட்டை தொங்குது. வீட்டுல தேடினா ஒரு அஞ்சு ரூபாய் காசு கிடைக்கலை. மகளுக்கு அதனால ஒண்ணும் இல்லை, சம்பளம் அவ பேர்ல வருது. அவ அம்மாவுக்கு?

ஊர் திரும்பினதும் பால் பணம் சம்சாரம் கணக்குல விழற மாதிரி எழுதிக் கொடுத்தோம். அப்படியும் முட்டைக்கு மட்டும் கையில காசுதான் வேணும்னு சொல்லிட்டா. பத்து ரூபாய் நாணயத்தைத் தவிர! அது செல்லும்னு ரிசர்வ் வங்கி 2018லயே சொல்லியாச்சு. எங்க ஊர் மளிகைக் கடைக்காரர் நம்பணுமே.